கோல்லம் விக்கியில் தமிழ்ப் பக்கங்கள் வந்த கதை

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தென்னை விவசாயிகளின் குறிப்புகள் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் இருக்கின்றன. எதை யார் எப்போது திருத்தினார் என்பது தெரிய வேண்டும். அதற்காகவே கோல்லம் (Gollum) என்ற விக்கி மென்பொருளைப் பழைய கணினி ஒன்றில் நிறுவினேன். கோப்புகளில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளை நம்பி ஓடுவது அது. ரூபி என்ற நிரல்மொழி கணினியில் இருந்தால் வேலை சுலபம். பிரவுசரில் 4567 என்ற போர்ட் எண்ணில் திறக்கும்.

திறந்தது, ஆனால் ஒரு பக்கமும் இல்லை. கோப்புகள் ஃபோல்டரில் பத்திரமாக இருந்தன, கமிட்டும் ஆகியிருந்தன, அதாவது கிட்டில் பதிவாகியிருந்தன. (கமிட் ஆனதை மட்டுமே கோல்லம் காட்டும், முதலில் அதைப் பாருங்கள்.) காரணம் கிளையின் (கிட்டில் மாற்றங்கள் சேரும் தொடரின்) பெயர். எங்கள் கிளை மெயின், கோல்லம் தேடியது மாஸ்டர். தொடங்கும்போது ரெஃப் ஆப்ஷனில் மெயின் என்று கொடுத்ததும் எல்லாம் வந்துவிட்டன.

அப்புறம் கோப்புப் பெயர்கள். டெர்மினலில் கிட் ஸ்டேட்டஸ் (மாறிய கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை) பார்த்தால் ‘க’ என்ற ஒரே எழுத்து \340\256\225 என்று நிற்கிறது. கோப்பே கெட்டுவிட்டதோ என்று எங்கள் அண்ணன் ஒருவர் பதறிப்போனார். கெடவில்லை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ‘க’வுக்கு 3 பைட், அவற்றைத்தான் கிட் எண்களாக எழுதிக் காட்டுகிறது. கிட் கான்ஃபிக்கில் (கிட்டின் அமைப்புகளில்) கோர்.குவோட்பாத் (core.quotePath) என்பதை ஃபால்ஸ் (false) ஆக்கினேன். ‘கிணறு’ கிணறாகவே தெரிந்தது. மலையாளப் பெயர்களுக்கும் இதே அமைப்பு போதும்.