இதயப் படத்துக்கு எட்டுப் பொத்தான் எதற்கு?

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர், பழைய பாடப் படங்களை எச்5பி (ஊடாடும் பயிற்சிகளை உருவாக்கும் கருவி), மூடில் (இணையவழிக் கற்றல் தளம்) போன்றவற்றில் ஏற்றி ஊடாடும் பாடங்களாக மாற்றத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல வேலைதான். சறுக்கும் இடங்கள் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கின்றன.

இதயத்தின் படத்தையே எடுத்துக்கொள்வோம். எட்டு இடங்களில் பொத்தான் வைத்து, தொட்டால் 'வலது சோணையறை', 'சுவாசப்பை நாடி' என்று பெயர் எழும்படி செய்கிறார்கள். அச்சில் ஒரே பார்வையில் கண்டதை மாணவர் இப்போது எட்டுத் தடவை விரலால் தோண்டி எடுக்கிறார். வேலை கூடியிருக்கிறது, யோசனை கூடவில்லை. பெயர்களைப் படத்திலேயே விட்டுவிடுங்கள். குருதி செல்லும் பாதையை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ஒரு வால்வு சரியாக மூடாவிட்டால் குருதி எங்கே திரும்பும் என்று கேளுங்கள்.

விடைக்கு வெறுமனே 'பிழை' என்று காட்டுவது அதைவிட மோசம். சுவாசப்பை நாடியில் ஒட்சிசன் செறிந்த குருதி ஓடுகிறது என்று ஒருவர் தெரிவுசெய்தால், காரணம் ஆசிரியருக்குத் தெரியாததா? நாடி என்றாலே ஒட்சிசன் என்று மனதில் பதிந்திருக்கிறது; சுவாசப்பை நாடியில் ஓடுவதோ ஒட்சிசன் குறைந்த குருதி. இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுபோவது நாடி, இதயத்துக்குக் கொண்டுவருவது நாளம் என்ற ஒரு வரி அந்த இடத்திலேயே வர வேண்டும். கேள்வி தயாரிப்பதைவிட இந்த வரிகளை எழுதத்தான் அதிக நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

கணினியில் சரிபார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகள் திறப்பது கைபேசியில், அதுவும் பல வீடுகளில் அம்மாவின் கைபேசியில். இணைய அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டியின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பு, தொடும் இடத்துக்குக் குறைந்தபட்சம் 24 பிக்சல் கேட்கிறது; அதன் உயர்நிலை அளவு 44. நான்கு சுவாசப்பை நாளங்களுக்கும் தனித்தனிப் பொத்தான் வைத்தால், ஒன்றைத் தொட அடுத்தது திறக்கும். சரி பச்சை, பிழை சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்புவதும் வேண்டாம்.

தமிழில் செய்பவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பழைய வினாத்தாள் படங்களில் பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருக்கும்; அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துரு. பிரதிசெய்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும். அலுத்துப்போய்ப் பெயர்களையும் சேர்த்துப் படமாகவே சேமித்துவிடுகிறார்கள்; பிறகு பெரிதாக்கினால் எழுத்து மங்கும், பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக்காட்டும் திரைவாசிப்பானும் அதை வாசிக்காது. ஒருங்குறிக்கு (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யுனிகோட் எழுத்துமுறைக்கு) மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பாருங்கள். இடையில் ஆங்கிலத்தில் எழுதிய இரசாயனக் குறியீடுகள் இருந்தால், அவையும் தமிழ் எழுத்துகளாக உருமாறியிருக்கும்.