கன்னியாகுமரிச் சாலைகளில் போக்குவரத்து இரைச்சலைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தவறான கணக்கில் பிறந்த இரைச்சல் வரைபடமும் சரியான கணக்கில் பிறந்ததைப் போலவே பளிச்சென்று இருக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு, ஊதா என்று பட்டை பட்டையாக விரியும் படத்தைப் பார்த்து மட்டும் அதன் நம்பகத்தை யாராலும் சொல்ல முடியாது. விலை கொடுத்து வாங்கும் கேட்னா, சவுண்ட்பிளான் ஆனாலும், இலவசமாகக் கிடைக்கும் நாய்ஸ்மாடலிங் ஆனாலும், சாலையில் கிளம்பிய ஒலி வீட்டுச் சுவர் வரை வந்து சேர்வதை இந்த மென்பொருள்கள் நன்றாகவே கணக்கிடுகின்றன. சறுக்கல் பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. சாலை எவ்வளவு ஒலியை வெளியிடுகிறது என்பதை மென்பொருளுக்கு நாம் சொல்லிக் கொடுக்கும் இடம்தான் அது.

மென்பொருளுக்குள் இருக்கும் கணக்கு முறைகள் எதுவும் நம் சாலையைப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. சி.ஆர்.டி.என். என்பது 1988இல் வெளியான பிரிட்டிஷ் முறை. க்னோசோஸ் 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. டி.என்.எம். அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்கானது. களியக்காவிளையில் தொடங்கி மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரும் 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இந்த முறைகளை அப்படியே பொருத்தினால் என்னென்ன பிசகும் என்று பார்ப்போம்.

முதல் தவறு, சாலை அகலப்படுத்தும் திட்ட அறிக்கையிலிருந்து போக்குவரத்து எண்ணிக்கையை எடுத்து அப்படியே மென்பொருளில் ஒட்டுவது. அந்த அறிக்கைகளில் வாகனங்கள் 'பயணிகள் கார் அலகு' என்ற கணக்கில் இருக்கும். இருசக்கர வாகனத்துக்கு அரை, காருக்கு ஒன்று, லாரிக்கும் பஸ்ஸுக்கும் மூன்று என்பது போன்ற மதிப்புகள் அதில் பழக்கம். அது சாலையில் ஒரு வாகனம் அடைக்கும் இடத்தின் அளவு. அது எழுப்பும் ஒலிக்கும் அந்த எண்ணுக்கும் எந்த உறவும் இல்லை. சாலைப் பொறியாளர்களைக் குறை சொல்வதற்கில்லை, அவர்கள் வேலைக்கு அது சரியான அலகு. நமக்குத்தான் அது விஷம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் 1,000 இருசக்கர வாகனங்கள், 300 கார்கள், 100 லாரிகளும் பஸ்களும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் வாகனங்கள் 1,400. அவற்றில் கனரக வாகனங்கள் 7 விழுக்காடு. கார் அலகில் மாற்றினால் மொத்தம் 1,100 ஆகிறது. இந்த 1,100ஐயும் இலகு வாகனங்கள் என்று எண்ணிக் கொடுத்தால், சி.ஆர்.டி.என். சூத்திரம் உண்மையைவிட 3 டெசிபலுக்கு மேல் குறைவாகக் காட்டும். லாரிகளின் 300 அலகைக் கனரக வாகனங்களின் பங்காகக் கொடுத்தால் 2 டெசிபலுக்கு மேல் கூடுதலாகக் காட்டும். போக்குவரத்து இரு மடங்கானாலே உயர்வது 3 டெசிபல்தான். ஒரே எண்ணை எந்தக் கட்டத்தில் இட்டோம் என்பதை வைத்து அதைவிடப் பெரிய ஊசலாட்டம் வந்துவிடுகிறது. ஆகவே வகைவாரியாக எண்ணிய மூலப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். அது இல்லையென்றால், சாலையோரம் நின்று எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை.

பட்டியல் கையில் வந்த பிறகும் வாகனங்களை எந்த வகையில் போடுவது என்ற சிக்கல் உண்டு. சி.ஆர்.டி.என். முறைக்கு இலகு, கனரகம் என்று இரண்டே வகை. எனவே ஸ்கூட்டரும் காரும் அதற்கு ஒன்றுதான். ஐரோப்பியச் சாலையில் இருசக்கர வாகனம் ஒரு துளி. நாகர்கோவிலின் வடசேரியிலோ செட்டிகுளம் சந்திப்பிலோ அதுவே பெருவெள்ளம். க்னோசோஸ் இருசக்கர வாகனங்களுக்குத் தனி வகை வைத்திருக்கிறது, அதிலும் மொபெட் வேறு, மோட்டார் சைக்கிள் வேறு. இந்தக் காரணத்துக்காகவே நம் ஊருக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். ஆட்டோவுக்கென்று தனி வகை அதிலும் இல்லை. ஆனால் பிற்காலத் தேவைக்கென்று ஐந்தாவது வகை ஒன்றைக் காலியாக விட்டிருக்கிறார்கள். தனியாக ஓடும் ஆட்டோக்களின் ஒலியை அளந்து, அந்த மதிப்புகளை அங்கே இடலாம். ஆட்டோவைக் காராகக் கருதிவிட்டு அறிக்கையில் அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல.

இந்த மாவட்டத்தில் மிகப் பெரிய பிழை விளையும் இடம் இரவு. பகல் எண்ணிக்கை மட்டும் கையில் இருக்கும். இரவுக்கான பங்கை மென்பொருளோ கணக்கு முறையோ தன்னிடமுள்ள இயல்பு விகிதத்தால் நிரப்பிவிடும். அது வேறொரு நாட்டின் தூக்க வழக்கம். கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் கனிமவள லாரிகள் அந்த விகிதத்துக்குள் அடங்குவதில்லை. முன்பு சொன்ன அதே சாலையில் நள்ளிரவுக்குப் பின் ஒரு மணி நேரத்தில் 240 வாகனங்கள், அவற்றில் 80 லாரிகள் என்று கொள்வோம். வாகனங்கள் பகலில் இருந்ததில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஆனால் ஒலி 4 டெசிபல்கூடக் குறையாது, ஏனென்றால் மணிக்கு 50 கிலோமீட்டரில் ஒரு கனரக வாகனம் ஏறத்தாழ 11 இலகு வாகனங்களுக்குச் சமமான ஒலி ஆற்றலை வெளியிடுவதாக சி.ஆர்.டி.என். முறை கொள்கிறது. பகலின் 7 விழுக்காட்டையே இரவுக்கும் நீட்டினால் கணிப்பு மேலும் 4 டெசிபல் தாழ்ந்துபோகும்.

சட்டமோ இரவில் இன்னும் கண்டிப்பானது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி குறைந்தது 100 மீட்டர் வரையான அமைதி மண்டலத்துக்கு 50, 40. எல்லை 10 டெசிபல் இறங்குகிறது, ஒலி 4 டெசிபல்கூட இறங்கவில்லை. மீறல் எங்கே பெரிது என்பது தெளிவு. பகல் வரைபடத்தை மட்டும் இணைத்து முடிக்கும் அறிக்கை, கேட்க வேண்டிய கேள்வியையே கேட்கவில்லை.

இதே இடத்தில் அளவுகோல்களும் குழம்புகின்றன. நம் விதிகளில் பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை; அளவு, ஏறி இறங்கும் ஒலியின் ஆற்றலைச் சராசரியாக்கும் சமான ஒலி மட்டம், அதாவது லெக். சி.ஆர்.டி.என். தருவதோ காலை 6 முதல் நள்ளிரவு வரையான 18 மணி நேரத்துக்கு எல்-10, அதாவது பத்தில் ஒரு பங்கு நேரம் மீறப்படும் மட்டம். சீராக ஓடும் நெரிசல் சாலையில் எல்-10, லெக்கைவிடச் சுமார் 3 டெசிபல் கூடுதலாக இருக்கும். ஐரோப்பிய மென்பொருள்கள் மாலை ஒலியோடு 5, இரவு ஒலியோடு 10 டெசிபலைத் தண்டமாகக் கூட்டிய முழுநாள் எண்ணைத் தரும். இவற்றில் எதையும் நேராக நம் 55க்கு எதிரே நிறுத்திப் பார்க்கக் கூடாது.

வேகத்தில் நடக்கும் தவறு எளிதானது: பலகையில் எழுதியிருக்கும் வேகத்தை உண்மை வேகமாகக் கொள்வது. 80 என்று கொடுத்த சாலையில் வாகனங்கள் 50இல்தான் போகின்றன என்றால், சி.ஆர்.டி.என். முறையின் வேகத் திருத்தத்தில் மட்டும் 3 டெசிபலுக்கு மேல் பிழை. மணிக்கு 20க்கும் 30க்கும் இடையே அந்தத் திருத்தம் ஏறக்குறைய மாறுவதே இல்லை என்பதால், மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் வேகத்தைத் துல்லியமாக அளக்க மெனக்கெட வேண்டாம். அங்கே ஒலியைத் தீர்மானிப்பது நின்று கிளம்பும் எஞ்சின்.

அடுத்தது ஹாரன். இந்த மூன்று முறைகளிலும் ஹாரன் கிடையாது. எஞ்சினும் டயரும் மட்டுமே உண்டு. இதைச் சரிசெய்ய ஒரு சிலர் வரைபடம் முழுவதற்கும் ஒரு மொத்தத் தொகையைக் கூட்டிவிடுகிறார்கள். ஹாரன் சாலை முழுக்கச் சீராக ஒலிப்பதில்லை. சந்திப்பிலும் வளைவிலும் பஸ் நிறுத்தத்திலும் குவிகிறது. அளக்கும்போதே ஹாரன் நேரங்களைக் குறித்துக்கொண்டு, ஹாரனோடு ஒன்று, ஹாரனை நீக்கி ஒன்று என்று இரண்டு லெக் மதிப்புகள் எடுக்க வேண்டும். மென்பொருளை ஒப்பிட வேண்டியது இரண்டாவதோடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த இடத்தின் ஹாரன் பங்கு என்று தனியே எழுதினால் போதும். தடுப்புச் சுவர் எழுப்புவதா, ஹாரனைக் கட்டுப்படுத்துவதா என்ற முடிவுக்கும் அதுதான் உதவும்.

நில அமைப்பில் இந்த மாவட்டத்துக்கே உரிய கண்ணிகள் சில உண்டு. இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவு தென்னந்தோப்பின் தலையைத் தரையாக எண்ணிக்கொள்ளும். மென்பொருள் அதை மேடாகக் கொண்டு, பின்னாலுள்ள வீடுகளுக்கு இல்லாத ஒலி மறைப்பைத் தந்துவிடும். தோப்பே ஒலியைத் தடுக்கும் என்று நம்புவதும் இதே இனம். ஊடுருவிப் பார்க்க முடியாத அடர்த்தியிலும் 20 மீட்டர் இலைத்திரை நடு அதிர்வெண்களில் 1 டெசிபல் அளவே குறைக்கும். வரிசையில் நிற்கும் ரப்பருக்கும் தென்னைக்கும் அந்த அடர்த்தியும் இல்லை. தேரூர், சுசீந்திரம் குளக்கரைகளில் நீர்ப்பரப்பை ஒலி உறிஞ்சும் தரையாக விட்டுவிடக் கூடாது; நீர் சிமென்டுத் தளம் போல ஒலியைத் திருப்பும்.

மார்த்தாண்டம், பார்வதிபுரம் மேம்பாலங்களில் சாலைக் கோட்டைத் தரையில் வரைந்துவிட்டு நகர்ந்துவிடுவதும் வழக்கம். மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை என இரண்டு ஒலி மூலங்கள் வேண்டும். பாலத்தின் விளிம்பு கீழே இருப்பவருக்கு மேலுள்ள டயர் ஒலியை மறைக்கும். கீழ்ச்சாலையின் ஒலியோ பாலத்தின் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும். பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறும் தடதட ஓசை எந்த வாய்ப்பாட்டிலும் இல்லை.

கடைசியாகச் சரிபார்ப்பு. க்னோசோஸின் அடிப்படை 20 பாகை வெப்பம், உலர்ந்த சாலை. இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டத்தில் ஈரச் சாலையில் அளந்த எண்ணைக் கொண்டு மென்பொருளைத் திருத்தினால், டயர் ஒலியின் கூடுதல் வருடம் முழுவதற்கும் பரவிவிடும். ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் காற்று விநாடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால் அளப்பதை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஒலி அளவுமானி லாரியை விட்டுவிட்டுக் காற்றைக் கேட்கத் தொடங்கும். அளக்கும் அதே நேரத்தில் வாகனங்களையும் வகைவாரியாக எண்ண வேண்டும். இல்லாவிட்டால் இன்றைய ஒலியைப் போன வருடப் போக்குவரத்தோடு ஒப்பிட்டதாகிவிடும். சுவருக்கு ஒரு மீட்டர் முன்னால் அளந்திருந்தால், சி.ஆர்.டி.என். கூட்டும் 2.5 டெசிபல் முகப்பு எதிரொலிப்பு கணிப்பிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் ஒப்பீடு பொய்.

அளவும் கணிப்பும் பொருந்தவில்லை என்றால், பொருந்தும் வரை ஒரு திருத்த எண்ணைத் திருகிக்கொண்டே போகும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஓர் இடத்தில் பொருத்திய எண் அடுத்த சந்திப்பில் பொருந்தாது. வித்தியாசம் 3 டெசிபலைத் தாண்டினால் முதலில் வாகன வகையையும், பிறகு இரவுப் பங்கையும், அடுத்து வேகத்தையும் திரும்பப் பாருங்கள். முடிவை 67.3 என்று தசமத்தோடு அச்சிடாமல் 67 என்று எழுதி, அளந்த தேதியையும் நேரத்தையும் சாலை உலர்ந்திருந்ததா என்பதையும் அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.