ரன்னிங் போர்டை வெட்டும் முன்

போன வாரம் கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி போனில் படம் அனுப்பியிருந்தார். பழைய பிரீமியர் பத்மினி கார். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு துருப்பிடித்ததால் இரண்டு பக்கமும் வெட்டியாகிவிட்டது, நாலு கதவும் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. "எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்டிருந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருஷத்துக்கு முன்னால் குன்னூரில் நான் செய்ததும் அச்சு அசல் இதேதான்.

ஓட்டைக்கு மேல் பட்டி பூசாதீர்கள் என்று எல்லோரும் சொல்லியாயிற்று. நான் வேறு சொல்ல வேண்டாம். மற்ற தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

வெளியே பார்த்துக் கணக்குப் போடுவது

துரு உள்ளேயிருந்துதான் வரும். பெயின்ட்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதித் தகடு போயிருக்கும். எங்கள் மலையில் ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று. கால்மிதி காயவே காயாது. அதைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்றால் நல்ல தகடு. 'தொப்' என்றால் முனையால் குத்திப் பாருங்கள்.

தார்ப்பாய் போட்டு மூடுவது

வேண்டாம். கூரை போதும்.

முட்டுக் கொடுக்காமல் வெட்டுவது

ஜீப்புக்கு அடியில் பாரம் தாங்கும் தனிச் சட்டம், அதாவது சேஸ், உண்டு. பத்மினிக்கும் அம்பாசிடருக்கும் பாடியேதான் சேஸ். கதவுக்குக் கீழே ஓடும் அந்தத் தகரப் பெட்டி, நாம் ரன்னிங் போர்டு என்கிறோமே, அதுதான் வண்டியின் முதுகெலும்பு.

எனக்கு அது தெரியாது. முன்னும் பின்னும் ஸ்டாண்டு வைத்துத் தூக்கி, ஒரே நாளில் இரண்டு பக்கமும் வெட்டினேன். பதினெட்டு கேஜ் தகடு. வெல்டிங்கைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கதவை மாட்டினால் மேல் மூலை நடுப் பில்லரில் இடிக்கிறது, கீழே சுண்டுவிரல் நுழையும் சந்து. நடு வயிறு தன் பாரத்தில் தொங்கியிருக்கிறது. அந்தத் தொங்கலை அப்படியே வெல்டு வைத்துப் பூட்டியிருக்கிறேன். கீலைத் தட்டினால் சரியாகும் என்றார் ஒரு டிங்கர். தட்டினோம், கீல்தான் போயிற்று. கடைசியில் எல்லாவற்றையும் திரும்ப வெட்டினேன். தகட்டுக்காக மேட்டுப்பாளையத்துக்கு இரண்டாம் தடவை இறங்கிய அந்த பஸ் பயணத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான்.

வெட்டும் முன் கதவுச் சந்துகளை மேலும் கீழும் அளந்து சுவரில் எழுதுங்கள். அப்புறம் கதவைக் கழற்றி, கீல் இருக்கும் பில்லரிலிருந்து நடுப் பில்லருக்கும், அங்கிருந்து பின்பக்கத்துக்கும் சதுரக் குழாயை வெல்டு வையுங்கள். மூலைக்கு மூலையும் ஒன்று. ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். புதுத் தகட்டை முதலில் புள்ளி புள்ளியாகப் பிடித்துக்கொண்டு, குழாயைக் கழற்றி, கதவை மாட்டி மூடிப் பாருங்கள். எழுதி வைத்த அளவு வந்தால்தான் முழு வெல்டு. அதையும் ஒரே இழுப்பில் ஓட்டாதீர்கள், சூட்டில் தகடு இழுக்கும்.

தேய்த்த தகட்டை ராத்திரி விட்டுவைப்பது

மூடுபனிக்கு ஒரு ராத்திரி போதும். அன்றைக்கே பிரைமர்.

வடிகால் ஓட்டையை அடைப்பது

அழகுக்காக அடைப்பவர்கள் இருக்கிறார்கள். என்னத்தைச் சொல்ல.

தம்பியிடம் கதவை மாட்டிப் பார்க்கச் சொன்னேன். இடது முன்கதவு மூடவில்லையாம். நல்லவேளை, இன்னும் வெல்டு வைக்கவில்லை. நடுவில் ஜாக்கி கொடுத்து மெல்லத் தூக்கினால் திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். குழாய் மட்டும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.