பாதியில செத்தும் 'ஓகே' சொன்ன பேக்கப்

வெள்ளவத்தையில நான் வேலை செய்யிற இடத்தில ராவு ஓடுற பேக்கப் ஸ்கிரிப்ட், டேட்டாபேஸ் டம்ப்ப (டேட்டாவின்ர முழுக் கொப்பிய) ஃபைல் சுருக்கிற ஜிசிப்புக்கு பைப் பண்ணும், அதாவது ஒரு கமாண்டின்ர அவுட்புட்ட நேர அடுத்த கமாண்டுக்குக் குடுக்கும். கனெக்ஷன் அறுந்து டம்ப் நடுவில செத்தாலும் ஜிசிப் வந்த அளவ சுருக்கிப்போட்டு சந்தோசமா எக்சிட் கோட் சீரோ (பிழையில்லை எண்டு அர்த்தம்) குடுத்திடும், ஸ்கிரிப்ட ஓட்டுற பாஷ் பைப்பில கடைசிக் கமாண்டத்தான் பாக்கும், அதால லொக்கில 'ஓகே', நேற்றைய நல்ல ஃபைலுக்கு மேல அரைகுறை ஃபைல். எழுதின அண்ணை "எரர் ஒண்டும் வரேல்லையே தம்பி" எண்டார். எப்பிடி வரும்!

செட் மைனஸ் ஓ பைப்ஃபெயில் போட்டன், இனி பைப்பில எந்தக் கமாண்ட் பிழைச்சாலும் முழுப் பைப்பும் பிழையெண்டு தெரியும். பிறகு டெம்ப் ஃபைலுக்கு எழுதி, எல்லாம் சரியெண்டா மட்டும் எம்வி கமாண்டால பழைய ஃபைலின்ர இடத்துக்கு மாத்திறது. இடையில முறிஞ்சா ட்ராப் (அந்த நேரம் தானா ஓடச் சொல்லி வைக்கிற கட்டளை) டெம்ப்ப அழிக்கும், எங்க நிண்டதெண்டு எஸ்டிடிஎர்ரில (பிழைச் செய்தி போற வழியில) சொல்லும், எக்சிட் வன் (பிழை எண்டு அர்த்தம்), பழைய பேக்கப் அப்பிடியே கிடக்கும். டெம்ப்ப அதே ஃபோல்டரிலயே வையுங்கோ, வேற பார்ட்டிஷன் எண்டா எம்வி ரீநேம் பண்ணாது, கொப்பி பண்ணத் தொடங்கீடும், அதுவும் பாதியில நிக்கலாம்.