விறகு ஸ்டவ் பொருத்தும்போது லண்டன் வீடுகளில் நடக்கும் தவறுகள்

ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் நம்மவர்கள் வாங்கும் பழைய டெரஸ் வீடுகளில் கூடத்துச் சுவரில் ஒரு கணப்பு அநேகமாக இருக்கும். பலகை அடித்து மூடி, முன்னால் டிவியை வைத்திருப்பார்கள். கேஸ் பில் ஏறும்போது அதைத் திறந்து, அறையைச் சூடாக்க விறகு ஸ்டவ் வைத்தால் என்ன என்று தோன்றும். வைக்கலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் நேரே கடைக்குப் போய் ஸ்டவ்வைப் பிடித்துவிட்டு வந்துதான் மற்றதை யோசிக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது புகைபோக்கியை.

நூறு வருடச் செங்கல் புகைபோக்கியில் உள்ளே பூசிய காரை உதிர்ந்திருக்கும். பக்கத்து வீட்டுப் புகைபோக்கியும் அதே கட்டுமானத்துக்குள்தான் ஏறுகிறது. நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் தடுப்பு. அதில் விரிசல் இருந்தால், நீங்கள் கீழே தீ மூட்ட, பக்கத்து வீட்டுப் படுக்கையறையில் புகை வரும். இன்னொன்று: முன்பு இருந்தவர் மாடி அறையில் இடம் வேண்டும் என்று புகைபோக்கிச் சுவரையே இடித்திருக்கலாம். கீழே நின்று பார்த்தால் இது தெரியாது. அதனால் முதலில் சுத்தம் செய்து, கேமரா விட்டுப் பார்த்து, புகைச் சோதனை செய்ய வேண்டும். அடியில் புகை வில்லையைக் கொளுத்தி, மேல்வாயை அடைத்துவிட்டு, மாடி அறைகள், சுவர் அலமாரிகள், பரண் என எல்லா இடத்திலும் புகை கசிகிறதா என்று பார்ப்பார்கள். பக்கத்து வீட்டிலும் போய்ப் பார்ப்பதுதான் முறை.

பழைய புகைபோக்கிக்குள் லைனர், அதாவது புகை போக ஓர் உலோக உள்குழாய், இறக்குவது இப்போது வழக்கம். இங்கே காசு மிச்சம் பிடிக்க, கேஸ் கணப்புக்கான ஒற்றைத் தகடு லைனரைச் சிலர் போட்டுவிடுகிறார்கள். விறகுக்கு இரட்டைத் தகடு துருப்பிடிக்காத எஃகு லைனர்தான் வேண்டும்.

அடுத்தது அளவு. ‘பெருசா இருந்தா நல்லா சூடாகும்’ என்று 8 கிலோவாட் ஸ்டவ் வாங்குவார்கள். அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 14-ஆல் வகுத்தால் தோராயக் கணக்கு கிடைக்கும். 4-க்கு 4 அறை, 2.5 மீட்டர் உயரம் என்றால் சுமார் 3 கிலோவாட். பழைய வீடு, குளிர் நுழைகிறது என்றாலும் 5-க்கு மேல் அநேகமாகத் தேவைப்படாது. பெரிய ஸ்டவ் போட்டால் அறை வேகும். உடனே காற்றுத் திறப்பை மூடி அடக்கி எரிப்பார்கள். அடங்கி எரியும் விறகு முழுதாக எரியாது, அந்தப் புகை லைனரில் தாராகப் படியும். ஒரு நாள் அது பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள் ரயில் போகிற மாதிரி இரைச்சல் கேட்கும். அப்போது செய்ய வேண்டியது, காற்றுத் திறப்பை முழுதாக மூடிவிட்டு, எல்லோரையும் வெளியே அனுப்பி, 999-ஐ அழைப்பது.

நம் வீடுகளுக்கென்று ஒரு ஆபத்து தனியாக உண்டு: சமையலறைப் புகையை வெளியே இழுக்கும் விசிறி, எக்ஸ்ட்ராக்டர். மீன் பொரிக்கும்போது அதை முழு வேகத்தில் ஓடவிடுவோம். எக்ஸ்டென்ஷன் கட்டிக் கூடமும் சமையலறையும் ஒன்றாகிவிட்ட வீட்டில், அது வீட்டுக் காற்றை வெளியே இழுக்க, ஈடுகட்டப் புகைபோக்கி வழியாகக் காற்று இறங்கும். அதோடு கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் வரும். அதற்கு மணமோ நிறமோ கிடையாது. எக்ஸ்ட்ராக்டர் இருக்கும் அறையிலேயே ஸ்டவ் வைக்காமல் இருப்பது நல்லது. வேறு அறை என்றாலும், ஜன்னல்களை மூடி, இடைக்கதவைத் திறந்து, எக்ஸ்ட்ராக்டரை முழு வேகத்தில் ஓடவிட்டுப் புகை திரும்புகிறதா என்று பொருத்துபவரைச் சோதிக்கச் சொல்லுங்கள். 5 கிலோவாட்டைத் தாண்டினால் பழைய வீட்டிலும் நிரந்தரக் காற்றுத் துளை கட்டாயம். நன்றாக அடைபட்ட புது வீட்டுக்குச் சிறிய ஸ்டவ்வுக்கும் வேண்டும். குளிர்கிறது என்று அந்தத் துளையில் துணியை அடைப்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இங்கிலாந்தில் 2010 முதல் புது ஸ்டவ்வோடு சேர்ந்தே வர வேண்டும். வாங்கி அலமாரிக்குள் வைத்தால் பயனில்லை. ஸ்டவ்விலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி, கூரையில் என்றால் சுவரிலிருந்து 300 மில்லிமீட்டராவது விட்டுப் பொருத்த வேண்டும்.

தரையை மறந்துவிடுகிறார்கள். லாமினேட் மேல் ஒரு டைல்ஸ் பலகையைப் போட்டால் போதாது. ஸ்டவ்வின் அடி 100 டிகிரிக்கு மேல் சூடாகாது என்று தயாரிப்பாளர் சொன்னால் 12 மில்லிமீட்டர் கல் போதும். இல்லையென்றால் 125 மில்லிமீட்டர் கனத் தளம். மூடி எரிக்கும் ஸ்டவ்வுக்கு முன்னால் 225, பக்கங்களில் 150 மில்லிமீட்டர் தளம் நீண்டிருக்க வேண்டும். அழகுக்கு வைக்கும் மர உத்தரத்தையும் பாருங்கள்: வெப்பக் காப்பில்லாத 150 மில்லிமீட்டர் விட்டப் புகைக்குழாய்க்கும் மரத்துக்கும் 450 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும்.

‘தெரிந்த பையன் மலிவாகப் பொருத்தித் தருகிறான்’ என்பது நம்மிடையே அடிக்கடி கேட்கும் பேச்சு. ஹெட்டாஸ் (HETAS) போன்ற, ஸ்டவ் பொருத்துபவர்களைப் பதிவு செய்யும் திட்டத்தில் பதிவு பெற்றவர் பொருத்தினால் அவரே சான்றிதழ் தருவார். மற்றவர் செய்தால், வேலை தொடங்கும் முன் கவுன்சிலின் கட்டட அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் வீடு விற்கும்போது வழக்கறிஞர் கேட்பார், தீ விபத்து என்றால் காப்பீட்டுக் கம்பெனி கேட்கும். லண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி, ஆகவே அங்கே எரிக்கலாம் என்று அரசின் சுற்றுச்சூழல் துறையான டெஃப்ரா விலக்கு அளித்த பட்டியலில் உள்ள ஸ்டவ்தான் விறகுக்குச் சரி. புகை கக்கினால் 300 பவுண்ட் வரை அபராதம். வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால், ஸ்டவ்வே வேண்டாம் என்பேன்.

விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தோட்டத்தில் வெட்டிய மரத்தைப் பிளந்து ஓரிரு வருடம் காற்றில் காய விடாமல் எரிக்காதீர்கள். புகைபோக்கியை வருடம் ஒரு தடவையாவது துப்புரவு செய்ய வேண்டும். அப்புறம் சாம்பல்: அணைந்ததாகத் தோன்றினாலும் உள்ளே கங்கு நாள் கணக்கில் உயிரோடிருக்கும், எனவே மூடியுள்ள உலோக வாளியில் போட்டு வெளியே, கல்தரையில் வையுங்கள். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டி பக்கமே கொண்டு போகாதீர்கள்.