சுவரில் விரல் நடை: மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு

அறுவை முடிந்த கையை வலிக்குப் பயந்து உடம்போடு ஒட்டியே வைத்துக்கொண்டால் தோள் இறுகிவிடும். மருத்துவர் சரி என்றதும் சுவரைப் பார்த்து நில்லுங்கள். விரல்களைச் சுவரில் நடக்கவிட்டு, இழுவிசை தெரியும் இடம்வரை ஏற்றுங்கள். சில நொடிகள் நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்; மனம் சோர்ந்த நாளில் அந்தக் கோடுகள் ஏறியிருப்பது தெம்பு தரும். லேசாக இழுக்கலாம், சுருக்கென்று வலிக்கக் கூடாது. கதிர்வீச்சு எடுத்தவர்கள் மாதக்கணக்கில் தொடர வேண்டும், அந்த இறுக்கம் தாமதமாகவும் வரும்.

அக்குளிலிருந்து முழங்கை நோக்கிக் கயிறுபோல் ஒன்று விறைத்துத் தெரிந்தால் பதற வேண்டாம். இது பலருக்கும் வருவதுதான், பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். மோதிரமோ சட்டைக் கையோ திடீரென்று இறுகினால் நிணநீர் வீக்கமாக, அதாவது திசுக்களிலிருந்து வடிய வேண்டிய நீர் கையில் தேங்குவதாக இருக்கலாம். சிகிச்சை முடிந்து சில வருடம் கழித்தும் வரும். கை சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம் மனசு. சிகிச்சை முடிந்த பிறகுதான் பலருக்கு அழுகையே வருகிறது. சுற்றியிருப்பவர்கள் "அதான் முடிஞ்சிடுச்சே" என்பார்கள். அவர்களுக்கு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். பரிசோதனை நெருங்கும்போது தூக்கம் கெடுவதும் சகஜம். ஆனால் வாரக்கணக்கில் எதிலும் ஒட்டாமல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், தோள்வலியைச் சொல்வதுபோலவே.