வாசிகசாலையில் தாய்வானைப் பற்றிப் பேச வைப்பது எப்படி

கல்முனைப் பக்கத்தில் இளம் பிள்ளைகளை உட்கார வைத்து "தேசிய அடையாளம்" என்று தொடங்கினால், பத்து நிமிசத்தில் பேச்சு பிரதேச செயலகத்துக்குப் போய்விடும். கல்முனை வடக்குச் செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டு 2019 ஜூனில் ஒரு பக்கம் தமிழர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதை எதிர்த்து மறுபக்கம் முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இரண்டு பந்தலுக்கும் போய்வந்த வீடுகளின் பிள்ளைகள்தான் என்னிடம் உயர்தர அரசறிவியல் படிக்க வருகிறார்கள். பாண்டிருப்பில் இருந்துகொண்டு இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறவளுக்கு இதைத் தவிர்க்கவும் ஏலாது, நேராகத் தொடவும் ஏலாது. அதனால் வாசிகசாலையில் நான் வைக்கும் பேச்சு வட்டத்தில் தாய்வானை எடுக்கிறேன். அந்தக் கதையில் இவர்களுடைய மாமா சித்தப்பா யாரும் சாகவில்லை. கேள்விகள் மட்டும் நம்முடையவை.

முதலில் நேரம். சனி பின்னேரம் ரியூசன் கலைந்த பிறகு வையுங்கள். அஸர் தொழுதுவிட்டு வருகிற பிள்ளைகள் வரட்டும், மஃரிபுக்கு முன் முடித்துவிடுங்கள். ஞாயிறு காலை வைத்தால் அறநெறி வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் வரமாட்டார்கள். இந்த இரண்டையும் பார்க்காமல் நேரம் குறித்தால், யாருக்காக இந்த வட்டம் என்பதை நீங்கள் வாயைத் திறக்காமலே சொல்லிவிட்டீர்கள். சாமான் அதிகம் வேண்டாம்: இரண்டு பிரிஸ்டல் போட், மார்க்கர் பேனை, சின்ன அட்டைகள், ஒரு வெற்று பிஸ்கட் டின். பிளேன்ரீ உங்கள் விருப்பம். தலைவர்களின் படங்களை மாட்டாதீர்கள். படம் இருந்தால் பிள்ளைகள் அதைத்தான் மனப்பாடம் செய்வார்கள்.

கதையைப் பத்து நிமிசத்துக்குள் சொல்லுங்கள். 1895 முதல் 1945 வரை தாய்வானை ஜப்பான் ஆண்டது. பிறகு சீனாவிலிருந்து கோமிந்தாங் என்ற தேசியவாதக் கட்சியின் அரசு வந்தது. 1947 பெப்ரவரி 27 இரவு, தாய்பேயில் கள்ளச் சிகரெட் விற்ற ஒரு விதவையைப் புகையிலை அதிகாரிகள் அடித்தார்கள். அடுத்த நாள் ஊர் எழும்பியது. சீனாவிலிருந்து வந்திறங்கிய படை ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1949 இல் போட்ட இராணுவச் சட்டம் 1987 ஜூலை 15 வரை, 38 வருசம் இருந்தது. சீனப் பெருநிலத்தைக் கம்யூனிஸ்டுகளிடம் இழந்து தாய்பேய்க்கு வந்த பிறகும், அந்த அரசு முழுச் சீனாவுக்கும் தானே அரசு என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் 1947, 1948 இல் சீனப் பெருநிலத்தில் தெரிவானவர்கள் மறு தேர்தலே இல்லாமல் நாற்பது வருசத்துக்கு மேல் தாய்பேயில் ஆசனத்தில் இருந்தார்கள். "கிழட்டுத் திருடர்கள்" என்று சனங்கள் அவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். இந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இதை மாற்றக் கேட்டு 1990 மார்ச் 16 அன்று சில மாணவர்கள் சியாங் காய் ஷேக் நினைவிடச் சதுக்கத்தில் குந்தினார்கள். சில நாளில் அது ஆயிரக்கணக்காகியது. 21 ஆம் திகதி ஜனாதிபதி லீ டெங் ஹுய் அவர்களின் பிரதிநிதிகளைச் சந்தித்தார். 1991 முடிவதற்குள் பழைய உறுப்பினர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். 1996 மார்ச் 23 அன்று சனங்கள் முதன்முறையாக ஜனாதிபதியை நேரடியாகத் தெரிவு செய்தார்கள். இவ்வளவு போதும்.

மறுகா முதல் கேள்வி. அந்த மாணவர்கள் தங்களுக்கு அடையாளமாகக் கொடியை எடுக்கவில்லை, தாய்வானில் காட்டில் பூக்கும் லில்லியை எடுத்தார்கள். ஏன்? கொஞ்சம் யோசிக்க விட்டுவிட்டு, இங்கே என்றால் எதை எடுப்பீர்கள் என்று கேளுங்கள். என் வட்டத்தில் ஒருவன் தாமரை என்றான். "அது மொட்டுக் கட்சி" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. இன்னொருத்தி பாடும் மீன் என்றாள். "அது மட்டக்களப்பாருக்கு, எங்களுக்கில்லை" என்று கல்முனைப் பிள்ளைகள் விழுந்து சிரித்தார்கள். ஒரு சின்னத்துக்குள் யார் வருகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பதை நீங்கள் விளக்கவே தேவையில்லை. தீர்ப்பும் சொல்ல வேண்டாம், அடுத்ததுக்குப் போங்கள்.

இனி வருவதற்குத்தான் நேரத்தில் பாதியைக் கொடுக்க வேண்டும். இராணுவச் சட்டக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் வீட்டு மொழி பேசினால் குற்றப்பணம் வாங்கினார்கள், கழுத்தில் பலகை மாட்டினார்கள். பெரும்பாலானோரின் வீட்டு மொழி ஹொக்லோ. ஆகவே எதிர்க்கட்சிக் கூட்டங்களில் ஹொக்லோவில் பேசுவதே ஒரு வீரமாக இருந்தது. மெல்ல மெல்ல அதற்குத் "தாய்வான் மொழி" என்று பெயராகிவிட்டது. அப்படியென்றால் நாங்கள் யார் என்று, வேறொரு மொழி பேசும் ஹக்கா மக்கள் கேட்டார்கள். தொலைக்காட்சியில் வட்டார மொழிகளைக் கட்டுப்படுத்திய சட்டத்தை மாற்றச் சொல்லி, 1988 டிசம்பர் 28 அன்று "எங்கள் தாய்மொழியைத் திருப்பித் தா" என்று தாய்பேயில் ஊர்வலம் போனார்கள். முன்னால் கொண்டுபோனது சுன் யாட் சென்னின் படம், வாயில் முகமூடி கட்டி! குடியரசின் தந்தை என்று அரசு கும்பிடுகிறவரை ஹக்காக்காரர் என்று இவர்கள் உரிமை கொண்டாடினார்கள். அரசின் சாமியையே எடுத்து அதன் வாயையும் கட்டிவிட்டால் பொலிஸ் எதைப் பறிக்கும்? இந்தக் கெட்டித்தனத்தைப் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடிக்கும் வரை பொறுத்திருங்கள். ஹக்கா மக்களுக்குத் தனித் தொலைக்காட்சி கிடைத்தது 2003 இல்.

அடுத்தது பழங்குடியினர். எல்லோருக்கும் முன்பே தீவில் இருந்தவர்கள், இன்று சனத்தொகையில் ஏறக்குறைய 2.5 வீதம். 1945 க்குப் பிறகு அவர்கள் சீனப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பதிகிற எழுதுவினைஞருடைய மனம்போல, ஒரே வீட்டுச் சகோதரங்களுக்கே வேறு வேறு குடும்பப் பெயர் விழுந்ததுண்டு. இதைச் சொல்லாமல் செய்து காட்டுங்கள். ஆளுக்கொரு அட்டையில் முழுப் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஒருவரை எழுதுவினைஞராக மேசையில் இருத்துங்கள். லின், சென், வாங், ஹுவாங் என்று நாலு பெயரை மட்டும் கொடுத்து, பெயரை வெட்டி மாற்றி எழுத விடுங்கள். மருதமுனையிலிருந்து வரும் அக்கா தங்கச்சியில் மூத்தவளுக்கு லின், இளையவளுக்குச் சென் விழுந்தது. அட்டையைப் பிடித்துக்கொண்டு இளையவள் கேட்டாள்: "அப்ப எங்கட உம்மா ஒருத்திக்கு ரெண்டு வம்சமா டீச்சர்?" எழுதுவினைஞனாக இருந்த பையன் பேனையை மூடிவிட்டு, தனக்கு இந்த வேலை வேண்டாம் என்றான்.

அதன் பிறகு சொல்லுங்கள்: 1984 இல் அந்தப் பழங்குடியினர் தங்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள், 1994 ஓகஸ்ட் 1 இல் அரசியலமைப்பு அவர்களைப் பழங்குடியினர் என்று ஏற்றது, அடுத்த வருசம் சொந்தப் பெயரைப் பதிய வழி வந்தது. இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்வேன். லில்லி மாணவர்கள் வைத்த நாலு கோரிக்கைகளில் ஹக்கா மொழியும் இல்லை, பழங்குடிப் பெயரும் இல்லை. சதுக்கத்துக்கு வந்த பெரிய கூட்டம் அரசைத் திறந்துவிட்டது, உண்மைதான். தங்களுடைய பங்கைச் சின்னக் கூட்டங்கள் தாங்களே நடந்து போய்க் கேட்டன, அதுவும் சதுக்கம் நிறைவதற்கு முன்பே தொடங்கி.

ஊருக்கு இப்போது வரலாம். 2021 பெப்ரவரி 3 அன்று நம் பொத்துவிலில் தொடங்கி 7 ஆம் திகதி பொலிகண்டியில் முடிந்த நடைபயணத்தை எடுங்கள். காணாமலாக்கப்பட்டோர், காணி, அரசியல் கைதிகள் என்பவற்றோடு கொவிட் காலத்தில் முஸ்லிம்களின் ஜனாசாக்களை எரித்ததும், மலையகத் தொழிலாளரின் 1000 ரூபா சம்பளமும் கோரிக்கைகளில் இருந்தன. பிரிஸ்டல் போட்டில் எழுதி, எது யாருடைய வலி, அதை யார் கூடச் சுமந்தார்கள் என்று கோடு இழுக்கச் சொல்லுங்கள். பிறகு பட்டியலில் இல்லாதவர்களைக் கேளுங்கள். தமிழ் பேசும் வாகரைக் கரையோர வேடர் வந்தார்களா? மட்டக்களப்புப் பறங்கியர்? அநேகமாக யாருக்கும் பதில் இருக்காது. கட்டாயம் ஒருவர் கொழும்பில் நடந்த காலிமுகத்திடல் போராட்டத்தைக் கொண்டுவருவார். 2022 மே 18 அன்று அங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததை ஒருவர் பெரிதாகச் சொல்வார், மற்றவர் "பெற்றோல் முடிந்த பிறகுதானே எங்களைத் தெரிந்தது" என்பார். என் சாய்வு இரண்டாமவர் பக்கம். ஆனால் அதை முன்கூட்டியே சொன்னால் முதலாமவர் வாயை மூடிவிடுவார்.

"அப்ப நாங்களும் தாய்வான் மாதிரித் தனி நாடு" என்று யாராவது இழுத்தால், தாய்வானைப் பெரும்பாலான நாடுகள் இன்னும் அங்கீகரிக்கவில்லை, 1996 தேர்தல் நேரத்தில் சீனா அதன் கடலில் ஏவுகணை விட்டது என்பதைச் சொல்லி, அது இன்னொரு நாளைக்கு என்று வையுங்கள்.

கடைசியாக டின். தாய்வானில் ஒரு பல்கலைக்கழகம் 1992 முதல் கேட்டுவரும் கேள்வி: நீங்கள் சீனரா, தாய்வானியரா, இரண்டுமா? அன்று நாலில் ஒருவர் சீனர் மட்டும் என்றார்கள், கிட்டத்தட்டப் பாதிப்பேர் இரண்டும் என்றார்கள். இப்போது பத்தில் ஆறு பேருக்கு மேல் தாய்வானியர் என்கிறார்கள். இப்படி மாறியிருக்கும் என்று பிள்ளைகள் நம்பமாட்டார்கள், முதலில் ஊகிக்க விடுங்கள். பிறகு அவரவர் பதிலைத் துண்டில் எழுதி டின்னில் போடட்டும். கை தூக்க வைக்காதீர்கள். தெரிவுகளைக் கொடுக்காதீர்கள், அவர்களே எழுதட்டும். தமிழர், முஸ்லிம், இலங்கையர், இரண்டும், மூன்றும் எல்லாம் வரும். ஒருமுறை "கல்முனை" என்று மட்டும் ஒன்று வந்தது. எண்ணிச் சொல்லிவிட்டு அங்கேயே கிழித்துவிடுங்கள். கையெழுத்தைப் பார்த்து ஆளைப் பிடிக்கும் கெட்டிக்காரர் எல்லா ஊரிலும் உண்டு.

இன்னொன்று, கூட்டம் என்றால் என்ன நடக்கிறது என்று விசாரிக்க யாராவது வரலாம். "உயர்தர அரசறிவியல்: தாய்வான்" என்று அறிவித்தல் பலகையில் எழுதிவிடுங்கள், வாசிகசாலைத் தலைவருக்கும் முதலே சொல்லிவிடுங்கள். பெயர்ப் பட்டியல் எடுக்காதீர்கள்.

தொடர விரும்பினால் அடுத்ததற்குத் தென்கொரியா நல்லது: 1980 மே குவாங்ஜு எழுச்சி, 1987 ஜூன் ஜனநாயகப் போராட்டம். ஆனால் குவாங்ஜுவில் இராணுவம் சொந்தச் சனத்தைச் சுட்ட கதை வரும். பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். அன்றைக்கு வேறு எதையும் நிகழ்ச்சியில் போடாதீர்கள், பிளேன்ரீயைக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள்.